மிச்சம் பிடித்த இருபத்தெட்டு மாத்திரைகள்

இராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கொசுவைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். மலேரியா எங்கள் தெருவுக்குப் பழகிய விருந்தாளி. அத்தா கம்பளியைப் போர்த்திக்கொண்டு பற்கள் கிடுகிடுக்க நடுங்கியதும், மாநகராட்சி ஊழியர் வந்து விரல் நுனியில் குத்திக் கண்ணாடித் துண்டில் இரத்தம் எடுத்ததும், பின்னர் அந்தக் கசப்பு மாத்திரைகள் வந்ததும் என் இளமை நினைவுகள். கல்லூரியில் வரலாறு படித்தவன் நான். 1897ஆம் ஆண்டு செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்தார் என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றவன். அப்படிப்பட்ட நான் செய்த ஒரு கணக்குப் பிழையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் தம்பி வெல்டர். எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்கூடங்களில் வேலை பார்த்தவன். 2019ஆம் ஆண்டு கென்யா நாட்டு மொம்பாசா துறைமுகத்தில் ஒரு கப்பலைப் பழுதுபார்க்க முப்பது நாள் வேலை கிடைத்தது. பயணச் செலவுக்கு அவன் மனைவியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. அத்தா மௌத்தான பிறகு குடும்பத்தின் வரவு செலவு என் கையில். ஒவ்வொரு ரூபாயையும் எண்ணி எண்ணித்தான் எடுத்து வைத்தேன்.

முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்கு அவனை நானே அழைத்துச் சென்றேன். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும் என்பதால், நாள் தவறாமல் போனோம். அந்தச் சான்றிதழை அவன் பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்தினேன்.

அடுத்தது மலேரியாத் தடுப்பு மாத்திரை. மருத்துவர் டாக்சிசைக்ளின் எழுதிக் கொடுத்தார். “புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே தொடங்க வேண்டும். அங்கே இருக்கும் முப்பது நாளும் நாளுக்கு ஒன்று. திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் விடக்கூடாது” என்றார். ஆக மொத்தம் அறுபது.

மருந்துக் கடை வாசலில் நின்று யோசித்தேன். ஊர் திரும்பிய பிறகு எதற்கு மாத்திரை? அங்குள்ள கொசு இங்கே பறந்து வரவா போகிறது? முப்பத்திரண்டு மட்டும் வாங்கினேன். தம்பி கேட்டான்: “அண்ணே, டாக்டர் அறுபதுன்னு சொன்னாரே?” “வந்த பிறகு பார்த்துக்கலாம்டா” என்றேன். மிச்சமான தொகை பெரிதன்று. அது விலை குறைந்த மருந்து. இருந்தும் மிச்சம் பிடித்துவிட்டோம் என்று மனம் மகிழ்ந்தது.

தம்பி நலமாகத் திரும்பினான். பதினான்காம் நாள் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் என்று இரண்டு நாள் கழித்தோம். மூன்றாம் நாள் காலையில் அம்மாவைப் பார்த்து, “யாரு நீங்க?” என்று கேட்டான். அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கிருந்த இளம் மருத்துவர் கேட்ட முதற்கேள்வி, “சமீபத்தில் வெளியூர், வெளிநாடு போனாரா?” என்பதுதான். அந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்ததும் இரத்தப் பரிசோதனை விரைந்து நடந்தது. ஃபால்சிபாரம் வகை மலேரியா.

சென்னையில் பெரும்பாலும் காண்பது வைவாக்ஸ் வகை. மொட்டைமாடித் தொட்டியிலும் கிணற்றிலும் உள்ள நல்ல நீரில் பெருகும் கொசு அதைப் பரப்புகிறது. வாட்டி எடுக்கும், ஆனால் உயிரைப் பறிப்பது அரிது. ஆப்பிரிக்காவில் மிகுந்திருக்கும் ஃபால்சிபாரம் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கவல்லது. கொசு கடித்ததும் கிருமி நேராகக் கல்லீரலில் போய்ப் பதுங்குகிறது. ஒரு வாரமோ அதற்கு மேலோ கழித்துத்தான் இரத்தத்தில் இறங்குகிறது. டாக்சிசைக்ளின் அதை முக்கியமாக இரத்தத்தில் வைத்தே அழிக்கிறது. மொம்பாசாவின் கடைசி இரவில் கடித்த கொசுவுக்கு இராயபுரத்தில் விழுங்கும் மாத்திரைதான் பதில். நான் வாங்காமல் விட்ட இருபத்தெட்டும் அதற்குரியவை.

ஆர்ட்டிசுனேட் ஊசி நரம்பில் ஏறியது. இரண்டு இரவுகள் மருத்துவமனை வராந்தாவில் தஸ்பீஹ் மணிகளை உருட்டியபடி அமர்ந்திருந்தேன். மூன்றாம் நாள் அவன் கண் விழித்து, “அம்மா, தண்ணி” என்றான். அல்ஹம்துலில்லாஹ்! ஒரு மாதத்துக்கு மேல் அவனால் வேலைக்குப் போக முடியவில்லை. வளையல்கள் மேலும் சில மாதம் அடகுக் கடையிலேயே இருந்தன.

அந்த வராந்தாவில்தான் ஓர் உண்மை உறைத்தது. தடுப்பூசியில் நான் ஒரு நாளும் குறைக்கவில்லை. ஏனெனில் விமான நிலையத்தில் அதிகாரி சான்றிதழ் கேட்பார். மாத்திரையைக் கேட்பார் எவருமில்லை. ஆகவே குறைத்தேன். யாரும் பாராத இடத்திலும் நோன்பைக் காப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவன் நான். அஸர் வரை பசித்திருந்துவிட்டு நோன்பை முறித்தவனுக்கு முக்கால் நோன்பின் கூலி உண்டா என்று கேட்டு அவர்களைச் சிரிக்க வைப்பவனும் நான்தான்.

எங்கள் தெருவிலும் இதே பிழை வேறு வடிவில் நடக்கிறது. வைவாக்ஸ் காய்ச்சலுக்குப் பதினான்கு நாள் பிரைமாகுயின் தருகிறார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்ததும் மிச்சத்தை அலமாரியில் வைத்துவிடுகிறோம். கல்லீரலில் உறங்கும் கிருமி சில மாதம் கழித்து விழித்தெழும்போது, “மறுபடியும் கொசு கடித்துவிட்டது” என்கிறோம்.

சிக்கனம் நம் மார்க்கம் போற்றும் பண்பு. அதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சிக்கனம் செய்ய வேறு இடங்கள் உண்டு. விலை மிகுந்த மாத்திரையை மருத்துவர் எழுதினால், அதே பயனுள்ள மலிவான மருந்து தமக்கு ஏற்குமா என்று அவரிடமே கேளுங்கள். ஆறு வாரத்துக்கு உட்பட்ட பயணத்துக்கு டாக்சிசைக்ளினும், அதற்கு மேற்பட்டால் வாரம் ஒருமுறை மெஃப்ளோகுயினும் நம் நாட்டு வழிகாட்டுதலில் உள்ளவை. கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் டாக்சிசைக்ளின் ஆகாது. மனநோயோ வலிப்போ இருந்தவர்களுக்கு மெஃப்ளோகுயின் ஆகாது. ஆகவே பக்கத்து வீட்டார் சொன்னதை வாங்காதீர்கள். மக்கள் மருந்தகங்களில் விலை குறைவு. அங்கே விசாரியுங்கள். கொசுவலையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பெயரில் சிக்கனம் செய்யலாம், எண்ணிக்கையில் கூடாது. போய் வந்த பிறகு காய்ச்சல் கண்டால், எந்த நாட்டுக்குப் போனோம் என்பதை மருத்துவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

சென்ற ஆண்டு தம்பி மீண்டும் மொம்பாசா சென்று வந்தான். இம்முறை அறுபது மாத்திரையும் வாங்கிக் கொடுத்தேன். திரும்பி வந்தபின் இருபத்தெட்டு நாளும், இரவு உணவு முடிந்ததும், ஒரு குவளைத் தண்ணீரோடு அம்மா அவன் முன்னே வந்து நின்றார். கடைசி மாத்திரையை அவன் விழுங்கிய இரவு, காலி அட்டையை அம்மா என் கையில் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை.