துப்பாக்கி உதைச்சா தாங்குவியா?

நம்ம சினிமா ஹீரோக்களைப் பார்த்திருப்பீங்க. ரெண்டு கையிலயும் பிஸ்டல், பறந்துக்கிட்டே ‘டுமீல்... டுமீல்’! எதிர்ல இருபது பேர் கவுந்து விழுவாங்க. ஆனா, ஹீரோவோட மணிக்கட்டு மட்டும் இம்மிகூட அசையாது. நியூட்டன் தாத்தா அந்த தியேட்டர்ல உட்கார்ந்திருந்தா, இடைவேளைக்கு முன்னாடியே எழுந்து போயிருப்பார்.

ஏன்னா, சுட்டா உதைக்காத துப்பாக்கியே கிடையாது. குண்டு முன்னாடி போனா, துப்பாக்கி பின்னாடி வந்தே ஆகணும். இதுக்குப் பேர்தான் ‘ரீகாயில்’. ப்ளஸ் ஒன் பிசிக்ஸ்ல உந்த மாறா விதினு மனப்பாடம் பண்ணி, பரீட்சை முடிஞ்ச அன்னிக்கே மறந்தோமே... அதேதான்!

நான் மெக்கானிக்கல் படிக்கிறேன். வயசு 20, எடை 46 கிலோ. என்.சி.சி-யில .22 ரைஃபிளைத் தரையில படுத்துக்கிட்டே சுட்டுப் பழகினவ. போன வருஷம் பிஸ்டலும் கத்துக்கலாம்னு ஒரு ரைஃபிள் கிளப்ல சேர்ந்தேன். அன்னியில இருந்து எல்லாரும் ஒரே கேள்விதான். “கண்ணு, துப்பாக்கி உதைச்சா தாங்குவியா?” - இது அம்மா. “மணிக்கட்டு கழண்டுடும் சாமி, உனக்கு எதுக்கு இதெல்லாம்?” - இது சித்தப்பா. “உன்னையத் தூக்கிட்டுப் போய் சுவத்துல ஒட்டிடும்டி!” - இது கிளாஸ் பசங்க.

என்கூடவே சேர்ந்த ரெண்டு பசங்ககிட்ட இந்தக் கேள்வியை யாருமே கேட்கலை. அதைக் கவனிச்சீங்களா?

ஒரே ஒரு ரவுண்டு!

இதை விளையாட்டா எடுத்துக்க முடியாததுக்கு ஒரு காரணம் இருக்கு. என் தோழி ஒருத்தி. எங்களைவிட நல்லா ரைஃபிள் சுடுவா. வேற ஒரு ஊர்ல, வேற ஒரு கிளப்புக்கு ஒருநாள் போயிருக்கா. “பொண்ணு முதல்முறையா கைத்துப்பாக்கி சுடப்போகுது”ன்னு அங்கே எல்லாரும் ஆளுக்கொரு செல்போனைத் தூக்கிட்டு நின்னிருக்காங்க. கையில கொடுத்தது, ஒரு பெரியவரோட .32 ரிவால்வர். எப்படிப் பிடிக்கணும்னு சொல்லலை. காதுக்கு மஃப்கூட கொடுக்கலை. “சும்மா அமுக்கும்மா!”

அமுக்கினா. காது ‘ங்ஙொய்...’, ரிவால்வர் மூக்கு மேல எகிறியிருக்கு, கண்ல தண்ணி. சுத்தி ஒரே சிரிப்பு. அந்த வீடியோ எங்க காலேஜ் வரைக்கும் வந்துச்சு. அவ சொன்னது ஒரே வார்த்தை... “எனக்கு கை பலம் பத்தாதுடி.” அதோட பிஸ்டல் பக்கமே வரலை.

கை பலம்தான் பிரச்னையா? என்னால நம்ப முடியலை. பேனாவை எடுத்தேன்.

கணக்குப் போடுவோமா?

கிளப்ல நாங்க சுடற .22 பிஸ்டலோட குண்டு சுமார் 2.6 கிராம். வேகம் நொடிக்கு 300 மீட்டர்னு வெச்சுக்கலாம். பிஸ்டல் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. அப்படின்னா, பிஸ்டல் பின்னாடி வர்ற வேகம் நொடிக்கு முக்கால் மீட்டர் சொச்சம். ஆற்றல் 0.3 ஜூல்.

இப்போ .32 ரிவால்வர். குண்டு சுமார் 6.3 கிராம், வேகம் நொடிக்கு 215 மீட்டர். ரிவால்வர் எடை 700 கிராம்னா உதைக்கும் ஆற்றல் 1.3 ஜூல். அதையே 500 கிராம் ரிவால்வர்ல போட்டா... 1.8 ஜூல்! வெடிமருந்துப் புகை தர்ற உந்தத்தை இதுல சேர்க்கவே இல்லை.

அதாவது, தோட்டா அதேதான். துப்பாக்கி லேசாக ஆக, உதை ஏறுது. ‘சின்னது, லேசானது, பொண்ணுங்களுக்கு வசதியானது’னு நினைக்கிறோம் பாருங்க, பிசிக்ஸ் அதை அப்படியே தலைகீழா திருப்பிப் போடுது.

2014 ஜனவரியில கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை ‘நிர்பீக்’னு ஒரு .32 ரிவால்வரை அறிமுகப்படுத்தினாங்க. நிர்பீக்னா ‘பயமற்ற’னு அர்த்தம். டெல்லி நிர்பயா சம்பவத்துக்குப் பிறகு பெண்களை மனசுல வெச்சு வந்தது. டைட்டானியம் கலவை, எடை வெறும் அரைக் கிலோ, அப்போ விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல. ஹேண்ட்பேக்ல வைக்க லேசா இருக்கும், சரி. அதுல போடற தோட்டாவும் ரொம்ப முரட்டு ரகமில்லை. ஆனா, தூக்கறதுக்கு வசதிங்கறது வேற, சுடறதுக்கு வசதிங்கறது வேற. முதல் நாளே இந்த மாதிரி லேசான ரிவால்வரைக் கையில கொடுத்து, “பொண்ணு பயந்துட்டா”ன்னு சிரிக்கறது எந்த ஊரு நியாயம்?

செருப்பு மாதிரிதான் கிரிப்பும்

ஜூல் கணக்கு பேப்பர்ல. கைக்குத் தெரியறது வேற. கிரிக்கெட்ல வேகமா வர்ற பந்தைப் பிடிக்கும்போது கையைக் கொஞ்சம் பின்னாடி இழுப்போம் இல்லையா? நேரம் கூடினா அடி குறையும். தானியங்கி பிஸ்டல்ல பின்னாடி ஓடிவர்ற ஸ்லைடும் ஸ்பிரிங்கும் அந்த வேலையைத்தான் செய்யுது. ரிவால்வர்ல அந்த வசதி கிடையாது. ‘பொத்’துனு மொத்தமா உள்ளங்கைக்கு வந்துடும்.

இன்னொண்ணு, பேரல் நம்ம கைக்கு மேல இருக்கு. அதனால உதை நேரா பின்னாடி வராம, துப்பாக்கியோட மூக்கைத் தூக்கிவிடும். கை எவ்வளவு உயரத்துல, பேரலுக்கு நெருக்கமா பிடிக்குதோ, அவ்வளவுக்கு அந்தத் துள்ளல் குறையும். 1950-கள்ல சோவியத் ஆளுங்க இதை வெச்சு ஒரு வித்தை பண்ணாங்க. எம்.டி.எஸ்-3னு ஒரு பந்தயப் பிஸ்டல். பேரல் கீழே இருக்கும்படி தலைகீழா டிசைன் பண்ணிட்டாங்க! உதை கைக்கு நேரா வந்ததால மூக்கு தூக்கறது குறைஞ்சுபோச்சு. அப்புறம் போட்டி விதியையே மாத்தி, அந்த டிசைனுக்குத் தடை போட்டாங்க. செம மூளை இல்லே?

எங்க கிளப்ல நடந்தது இதைவிட சிம்பிள். பிஸ்டலோட மரக் கைப்பிடி பெரிய சைஸ். பசங்க கைக்குக் கச்சிதம், எனக்கு உள்ளே நாலு விரலே ஆடும். ஒன்பதாம் நம்பர் செருப்பை மாட்டிக்கிட்டு ஓடற மாதிரி! ராணுவத்துல இருந்து ரிட்டையர் ஆன எங்க கோச், கார்பென்டர் கடை வுட் பட்டியை வாங்கிட்டு வந்து, என் கை அளவுக்குப் பூசி, காய வெச்சு, அரத்தால தேய்ச்சுக் கொடுத்தார். “பலம் வேண்டாம்மா. பொருத்தம் வேணும்”னார். அன்னிக்கு சாயங்காலம் அதே பிஸ்டல், அதே தோட்டா. ஆனா, வேற துப்பாக்கி மாதிரி இருந்துச்சு.

அவர் சொல்ற பாடம் மூணே மூணு: கை குலுக்கற மாதிரி உறுதியா பிடி, விரல் வெளுக்கற அளவுக்கு நசுக்காதே. மணிக்கட்டைப் பூட்டு. காதை மூடு. மூணாவது ரொம்ப முக்கியம் பாஸ்! நாம ‘உதை’னு நினைச்சு மிரள்றதுல பாதி, சத்தம்தான்.

டம்மி தோட்டா சொன்ன ரகசியம்

ஒருநாள் கோச் ஒரு டெஸ்ட் வெச்சார். மேகஸின்ல நிஜத் தோட்டாக்களுக்கு நடுவுல, நமக்குத் தெரியாம ஒரு டம்மியைச் செருகிடுவார். எது நிஜம், எது டம்மினு சுடறவருக்குத் தெரியாது.

முதல்ல போனவர், எங்க செட்லயே பெரிய பாடி. ஜிம், புரோட்டீன் பவுடர், எல்லாம் உண்டு. மூணு குண்டு ‘டப்... டப்... டப்...’. நாலாவது டம்மி. வெடிக்கலை. ஆனா, பிஸ்டலோட மூக்கு ரெண்டு இன்ச் கீழே குத்திச்சு! உதைக்கவே உதைக்காத துப்பாக்கியை, உதைக்கப்போகுதுன்னு நினைச்சு அவரே அமுக்கிட்டார். பாவம், அசந்துபோய் நின்னார். நாங்க யாரும் சிரிக்கலை. எல்லாருக்கும் அதே டெஸ்ட் காத்திட்டிருக்கே!

இங்கேதான் விஷயமே இருக்கு. குண்டு பேரலைத் தாண்ட ஆகற நேரம் ஒரு மில்லி செகண்ட் அளவுதான். துப்பாக்கி நல்லா எகிறிக் குதிக்கறதெல்லாம் குண்டு வெளியே போன பிறகு. நம்ம மூளை ஒரு விஷயத்தை உணர்ந்து கையை அசைக்கவே 200 மில்லி செகண்ட் ஆகும். ஆக, உதை வந்த பிறகு நாம என்ன பண்ணினாலும் குண்டுக்குத் தெரியாது. குறியைக் கெடுக்கறது, உதை வர்றதுக்கு முன்னாடியே வந்துடற பயம். அந்தப் பயத்துக்கு 46 கிலோ, 86 கிலோங்கற வித்தியாசமே இல்லை.

மருந்து? நிஜத் தோட்டா இல்லாத பயிற்சி. கிளப்ல, கோச் முன்னாடி, துப்பாக்கி காலியானு ரெண்டு தடவை பார்த்துட்டு, டம்மி போட்டு ட்ரிக்கரை மெதுவா அமுக்கிப் பழகணும். (.22 பிஸ்டலை டம்மி இல்லாம வெறுமனே அடிச்சா, பல மாடல்கள்ல ஃபயரிங் பின் வீணாப் போகும்!) பேரல் மேல ஒரு ரூபாய் நாணயம். அது விழாம நூறு தடவை. போரடிக்கும்தான். ஆனா, ‘அமுக்கினா இடி விழும்’னு மூளையில பதிஞ்சதை அழிக்க வேற ரப்பர் கிடையாது.

இதெல்லாம் எனக்கு ஒத்து வருமானு கேட்கிறீங்களா? ஹங்கேரி ராணுவ வீரர் கரோலி டகாஸ் கதையைக் கேளுங்க. 1938-ல பயிற்சியில கையெறி குண்டு வெடிச்சு, சுடற வலது கை போச்சு. மனுஷன் யார்கிட்டயும் சொல்லாம இடது கையால பழகினார். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல்ல தங்கம். 1952 ஹெல்சிங்கியில திரும்பவும் தங்கம்! இந்தப் போட்டியில இப்போ கடைசிச் சுற்றுல நாலு செகண்டுக்குள்ள அஞ்சு இலக்கை அடிக்கணும். ஒவ்வொரு உதைக்கும் துப்பாக்கி எகிறி, அதே இடத்துக்குத் திரும்பி வரணும். நம்ம விஜய் குமார் 2012-ல வெள்ளி வாங்கினதும் இதே போட்டியிலதான். 2024 பாரீஸ்ல ரெண்டு வெண்கலம் ஜெயிச்ச மனு பாக்கர் சுட்டது 10 மீட்டர் ஏர் பிஸ்டல். அதுல உதை இருக்கா இல்லையானே தெரியாது. புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு அதைவிட நல்ல வாசல் கிடையாது.

போன மாசம் என் தோழிகிட்ட இந்தக் கணக்குப் பேப்பரைக் காட்டினேன். ரொம்ப நேரம் 1.8 ஜூலையும் 0.3 ஜூலையும் மாறி மாறிப் பார்த்தா. “ஆறு மடங்காடி?”ன்னா. “ஆமா”ன்னேன். வர்றேன்னும் சொல்லலை, வரலைன்னும் சொல்லலை. பேப்பரை மட்டும் மடிச்சு பைக்குள்ள வெச்சுக்கிட்டா.

உங்ககிட்டயும் யாராவது, “உதைச்சா தாங்குவியா?”ன்னு கேட்டா, கோபப்படாதீங்க ஃப்ரெண்ட்ஸ். நிதானமா திருப்பிக் கேளுங்க...

“எந்தத் துப்பாக்கிங்க? எத்தனை கிராம்?”