நார்மல் என்னும் அடைமொழி

பெயருக்கு முன்வந்து அதனைச் சிறப்பிப்பது அடைமொழி என்று பள்ளியில் படித்தோம். அறிவியல் துறைகளிலோ சில அடைமொழிகள் ஊருக்கு ஒரு வேடம் புனைகின்றன. அவற்றுள் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது 'நார்மல்' என்னும் சொல். நம் விடுதியில் கணிதம், வேதியியல், மருத்துவம், புள்ளியியல் பயிலும் நண்பர்கள் ஒரே மேசையில் அமர்ந்து உண்கிறோம். எல்லோர் வாயிலும் இச்சொல் புழங்குகிறது; பொருள்தான் ஆளுக்கொன்று.

இலத்தீன் மொழியில் 'நார்மா' என்பது தச்சரின் மூலைமட்டம். ஆதலின் கணிதத்தில் நார்மல் என்பது தொடுகோட்டிற்குச் செங்கோணத்தில் நிற்கும் கோடு. தமிழில் அதனைச் செங்கோடு என்கிறோம். மூலைமட்டத்துக்குப் பொருந்தியது என்ற பொருளே நாளடைவில் விதிக்குப் பொருந்தியது என விரிந்தது.

வேதியியலில் கதை வேறு. ஒரு லிட்டர் கரைசலில் ஒரு கிராம் சமான எடைப் பொருள் கரைந்திருந்தால் அது நார்மல் கரைசல். சமையல் உப்புக்கு அந்த அளவு 58.5 கிராம். மருத்துவமனையில் நோயாளிக்கு ஏற்றும் 'நார்மல் சலைன்' நீரிலோ லிட்டருக்கு 9 கிராம் உப்பே உண்டு. அதே உப்பு, அதே நீர், அதே அடைமொழி. ஆயினும் ஒன்று மற்றதைப் போல் ஆறரை மடங்கு செறிவுடையது! செறிந்ததை உடலில் ஏற்றினால் இரத்தச் சிவப்பணுக்கள் நீரை இழந்து சுருங்கும். உயிருக்கே ஊறு நேரும். சொல்லாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

புள்ளியியலில் மணி வடிவ வளைகோடு ஒன்றுக்கு இப்பெயர். சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கத்துக்குள் ஏறத்தாழ 68 விழுக்காடு அளவுகள் அடங்கும் என்பது அதன் இயல்பு. இப்பெயரைப் பரப்பியவர் கார்ல் பியர்சன். பிற பரவல்களெல்லாம் ஏதோ பிறழ்ந்தவை என்ற எண்ணத்தை இப்பெயர் ஊட்டிவிடுகிறது என்று 1920-இல் அவரே குறைபட்டுக் கொண்டார்.

அவர் அஞ்சியது இன்று மனிதர்மீதே பாய்கிறது. இரத்தப் பரிசோதனைத் தாளில் காணும் 'நார்மல்' எல்லைகள் பலவும், நலமுள்ளோரில் நடுவிலுள்ள 95 விழுக்காட்டினரைக் கொண்டு வகுக்கப்பட்டவை. அப்படியானால் நலமுள்ள இருபது பேரில் ஒருவர் அந்த எல்லைக்கு வெளியே நிற்பது கணக்கின் விளைவே அன்றி நோயின் அடையாளம் அன்று. எல்லைக்குள் இருப்பதால் மட்டுமே நோயில்லை என்றும் ஆகிவிடாது. இங்ஙனமிருக்க, இடக்கையால் எழுதுபவனையும், பேச்சுத் திக்குபவனையும், தனிமை விரும்பியையும் 'அவன் நார்மல் இல்லை' என்று நாம் எவ்வளவு எளிதாகத் தீர்ப்பளிக்கிறோம்! பெரும்பான்மை என்பது ஓர் எண்ணிக்கை. அது மூலைமட்டம் ஆகுமா?

தமிழில் அறிவியல் எழுத விழையும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் என்று பிடிவாதம் வேண்டா. செங்கோடு என்றும், இயல்நிலைப் பரவல் என்றும் நம் பாடநூல்கள் பிரித்துச் சொல்வது மொழியின் வறுமை அன்று, பொருளின் தெளிவு. இனி எவரேனும் 'நார்மல்' என்று சொன்னால், 'எந்த அளவுகோலின்படி?' என்று கேட்போம். மனிதரைப் பற்றிச் சொன்னாலோ, இரண்டு முறை கேட்போம்.