பீர் காய்ச்ச எந்தத் தெர்மாமீட்டர்?

கொஞ்சம் பெரிய த்ரெட். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

நேத்து ஒருத்தர் மெசேஜ்ல கேட்டிருந்தார். "டாக்டர், நீங்க வீட்டுல பீர் காய்ச்சுவீங்களாமே. நானும் லண்டன்லதான் இருக்கேன், ஆரம்பிக்கப் போறேன். எந்தத் தெர்மாமீட்டர் வாங்கலாம்?" ரெண்டு வரியில பதில் போட்டிருக்கலாம். ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னால எனக்கு ஒரு பழைய கதை இருக்கு. அதனால பொதுவிலேயே எழுதறேன்.

முதல்ல, திட்ட வர்றவங்களுக்கு. நான் இருக்கறது இங்கிலாந்துல, மான்செஸ்டர் பக்கம். சொந்த உபயோகத்துக்கு வீட்டுல பீர் காய்ச்ச இங்க 1963-லிருந்து லைசென்ஸ் தேவையில்லை. தமிழ்நாட்டுல அது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், அங்க இருக்கறவங்க முயற்சி பண்ண வேணாம். யாரையும் குடிக்கச் சொல்லவும் இல்ல. வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல வேண்டாம்ங்கறதுதான் இங்க அரசு மருத்துவ ஆலோசனை. நான் காய்ச்சறதுல முக்கால்வாசி நண்பர்கள் வீட்டுக்குப் போயிடும். சரி, விஷயத்துக்கு வருவோம்.

பீர்ல முதல் வேலை, முளைகட்டிக் காயவெச்ச பார்லியை உடைச்சு வெந்நீர்ல ஒரு மணி நேரம் ஊறவைக்கறது. மேஷ்னு சொல்வாங்க. தானியத்துக்குள்ள இருக்கற என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையா உடைக்கும். நம்ம எச்சில்ல இருக்கற அமைலேஸ் பண்ற அதே வேலைதான். இதுல ரெண்டு ஆளுங்க உண்டு. பீட்டா அமைலேஸ் 60-லிருந்து 65 டிகிரி வரைக்கும் நல்லா வேலை செய்யும், ஈஸ்ட் சாப்பிடற சின்னச் சர்க்கரையா வெட்டிப் போடும். ஆல்ஃபா அமைலேஸ் 70 டிகிரியையும் தாங்கும், ஆனா பெரிய பெரிய துண்டா விட்டுடும். அதை ஈஸ்ட் தொடாது. அதனால 65-ல ஊறவெச்சா பீர் லேசா வரும், 69-ல வெச்சா கனமா, இனிப்பா வரும். நாலே டிகிரி. அம்மா விரலை வெச்சுப் பாத்து வெந்நீர் விளாவற மாதிரி கண்ணளவு, கையளவுல முடியற வேலை இல்ல.

நான் முதல்ல வாங்கினது வட்ட டயல் வெச்ச தெர்மாமீட்டர். பாக்க அழகா, பழைய பஸ் டேஷ்போர்டு மாதிரி இருக்கும். வாங்கினதும் ஐஸ் தண்ணியில வெச்சுப் பாத்தேன். சரியா 0. ஆஹா, டாக்டர் டெஸ்ட் பண்ணிட்டார்னு எனக்கு நானே சர்ட்டிஃபிகேட் குடுத்துக்கிட்டேன்.

தொடர்ந்து மூணு தடவை காய்ச்சினது கெட்டுப் போச்சு. கெட்டுப் போச்சுன்னா புளிக்கல, நாறல. பாகு மாதிரி இனிப்பா நின்னுடுச்சு. ஹைட்ரோமீட்டர்னு ஒண்ணு உண்டு, நம்ம ஊர் பால்மானியோட அண்ணன். அதுல 1.010-க்கு இறங்க வேண்டியது 1.020-லேயே உட்கார்ந்துடுச்சு. ஈஸ்ட்டைத் திட்டினேன், மாத்தினேன். பார்லியைத் திட்டினேன், அதையும் மாத்தினேன். தெர்மாமீட்டர் மேல மட்டும் சந்தேகமே வரல. அதைத்தான் நான் "டெஸ்ட்" பண்ணிட்டேனே!

பக்கத்து வீட்டுப் பெரியவர், முப்பது வருஷமா காய்ச்சறவர், எட்டிப் பாத்துட்டு ஒரே கேள்வி கேட்டார். "கொதிக்கற தண்ணியில வெச்சுப் பாத்தியா?" வெச்சோம். 93-ல நின்னுடுச்சு. அதாவது 0-ல சரி, மேல போகப் போகக் குறைச்சுக் காட்டுது. அது 66-னு சொன்னப்போ உள்ள உண்மையில 71. பீட்டா அமைலேஸ் அப்பவே செத்துப் போயிருக்கும். நான் வேலை செய்யற இடம் 66, சரி பாத்த இடம் 0. எம்.பி.பி.எஸ். படிச்ச மூளை!

(ஒரு சின்ன விலகல். ஜூல்னு பிசிக்ஸ்ல படிச்சிருப்பீங்களே, அந்த ஜேம்ஸ் ஜூல் இந்த ஊர்க்காரர்தான். சால்ஃபோர்டுல பீர் ஆலை வெச்சிருந்த குடும்பம். தண்ணியைத் துடுப்பு போட்டுக் கலக்கினா எவ்வளவு சூடாகும்னு அளந்தார். ரொம்பச் சின்ன சூடு. அதுக்காகவே டான்சர்ங்கற மான்செஸ்டர் கருவி நிபுணர்கிட்ட தெர்மாமீட்டர் செய்யச் சொல்லி வாங்கினார். சேல்ல இருக்கற அவர் கல்லறையில 772.55-னு அவர் அளந்த எண்ணையே பொறிச்சிருக்காங்க. நான் போய் நின்னு பாத்தேன், கொஞ்சம் வெட்கமா இருந்தது.)

இப்ப கதை. அந்த டயல் விவகாரம் நடந்த அதே மாசம், காய்ச்சின பீரை ஈஸ்ட் போட்டு நொதிக்க வெச்சிருந்தேன். வாளியோட வெளிப்பக்கம் ஒட்டற பிளாஸ்டிக் பட்டை ஒண்ணு உண்டு, சூட்டுக்குத் தகுந்த மாதிரி எண் பளிச்சுன்னு நிறம் மாறும். அது 20-னு காட்டுச்சு. மனசு கேக்காம உள்ள ப்ரோப் விட்டுப் பாத்தா 24! ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூடு கிளப்பும். பட்டைக்குத் தெரியறது வாளியோட தோல் மட்டும்தான், அதுவும் ரூம் குளிரோட கலந்து.

ரெண்டு நாள் கழிச்சு ராத்திரி பதினொண்ணு இருக்கும், தம்பி மாதிரி பழகற நண்பன் போன். (அவங்க சம்மதத்தோடதான் எழுதறேன்.)

"அண்ணா, பாப்பா உடம்பு சுடுதுன்னு இவ சொல்லிக்கிட்டே இருக்கா. பாத்தா 37 தான் காட்டுது. பாலும் சரியா குடிக்கல. காலையில பாத்துக்கலாமா?"

குழந்தைக்கு ஏழு வாரம். வேற நாளா இருந்தா "37-ன்னா பரவாயில்லடா"ன்னு சொல்லியிருப்பேனோ என்னவோ. அன்னைக்கு வாய்ல தானா வந்தது, "எதுலடா பாத்த?"

"நெத்தியில வைக்கற பட்டை அண்ணா. யாரோ கிஃப்ட்டா குடுத்தாங்க."

என் வாளியில ஒட்டியிருக்கற அதே சங்கதி. டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குள்ல வெச்சுப் பாக்கச் சொன்னேன். 38.4. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினேன். சிறுநீர்த் தொற்று. நரம்பு வழியா ஆன்டிபயாடிக், சில நாள்ல வீடு திரும்பிட்டாங்க.

இதை மட்டும் எல்லாரும் குறிச்சுக்கோங்க. மூணு மாசத்துக்குள்ள இருக்கற குழந்தைக்கு 38 அல்லது அதுக்கு மேல இருந்தா விடியறவரைக்கும் காத்திருக்காதீங்க. அந்த வயசுல பெரிய தொற்றுக்குக்கூட சில சமயம் காய்ச்சல் ஒண்ணுதான் அடையாளம். நெத்திப் பட்டையை நம்பாதீங்க, இங்க இருக்கற நைஸ் வழிகாட்டுதலே அதைப் பயன்படுத்த வேண்டாம்னுதான் சொல்லுது. அம்மா தொட்டுப் பாத்து "சுடுது"ன்னா டாக்டர்கள் அதை மதிக்கணும்னும் அதே வழிகாட்டுதல்ல இருக்கு. அன்னைக்குச் சரியா சொன்னது தங்கச்சியோட கைதான்.

சரி, பீருக்கு எது? கண்ணாடிக் குழாய் வேண்டாம். மேஷ்ல உடைஞ்சா மொத்தத்தையும் கொட்டணும். பாதரசம்னா பக்கமே போகாதீங்க. துப்பாக்கி மாதிரி நீட்டிப் பாக்கற இன்ஃப்ராரெட் மேல்பரப்பை மட்டும்தான் பாக்கும், பளபள ஸ்டீல் பாத்திரத்துல கன்னாபின்னான்னு காட்டும். நான் வெச்சிருக்கறது கத்தி மாதிரி மடக்கற டிஜிட்டல் ப்ரோப், தெர்மோகப்பிள் வகை, சில விநாடியில சொல்லிடும். விலை கூடத்தான். பட்ஜெட் இல்லன்னா சாதாரண சமையல் ப்ரோப் போதும், ஒயர் சேர்ற இடத்துல மட்டும் தண்ணி படவிடாதீங்க, அங்கதான் சாகும்.

எதை வாங்கினாலும் மூணு இடத்துல சரி பாருங்க. நொறுக்கின ஐஸ்ல கொஞ்சம் தண்ணி விட்டுக் கலக்கினா 0. கொதிக்கற தண்ணி 100 (ஊட்டியில 92, 93-லேயே கொதிச்சிடும், அங்க இருந்து சமையல் தெர்மாமீட்டரைச் சரி பாக்கறவங்க அதைக் குத்தம் சொல்லாதீங்க). நடுவுல, ஒரு கிண்ணம் இளஞ்சூட்டுத் தண்ணியில வீட்டுக் காய்ச்சல் தெர்மாமீட்டரையும் ப்ரோப்பையும் சேத்து வெச்சு 38 பக்கம் ஒப்பிடுங்க. காய்ச்சல் தெர்மாமீட்டரை மேஷ்ல மட்டும் விட்டுடாதீங்க, அதோட எல்லை 42, 43-லேயே முடிஞ்சிடும்.

அந்தப் பாப்பா இப்ப ஸ்கூல் போறா. போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தவ வாளியில ஒட்டின பட்டையைத் தடவிப் பாத்துட்டு, "பெரியப்பா, இதுக்குக் காய்ச்சலா?"ன்னு கேட்டா. பட்டை 17 காட்டுச்சு. மூடியைத் திறந்து ப்ரோப் விட்டேன். 19.5.