கொசுறும் சூழ்ச்சியும்

மக்களின் மனத்தை அறிந்து பொருள் விற்பது அவர்களை ஏமாற்றுவதாகுமா?

மனமறிந்து விற்பது புதிதன்று. நாங்கள் தில்லியில் குடியேறி 20 ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் என் அன்னையார் கொசுறு கேளாமல் காய்கறி வாங்குவதில்லை. வண்டிக்காரரும் கொத்தமல்லியோடு நாலு பச்சை மிளகாயை அள்ளிப் போடுவார். நாளையும் நாம் தம்மிடமே வரவேண்டும் என்பது அவர் எண்ணம். அஃது இருவருக்கும் தெரியும், எவர்க்கும் இழப்பில்லை.

சென்ற பொங்கலுக்கு ஊர் செல்லக் கைப்பேசியில் பயணச்சீட்டுப் பதிவு செய்தேன். நான் கேளாத காப்பீட்டுக் கட்டணம் கணக்கில் தானே வந்து அமர்ந்திருந்தது. அதை விலக்க, ‘பாதுகாப்பின்றியே செல்கிறேன்’ என்று ஒப்புக்கொள்ள வேண்டுமாம்! விலக்கினேன். உதவித்தொகையை எண்ணி எண்ணிச் செலவிடும் மாணவர் எத்தனை பேர் அஞ்சிப் பணம் கட்டியிருப்பர்!

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள் இத்தகைய 13 வழிகளைக் குறித்துத் தடுக்கின்றன. கேளாததைக் கூடையில் சேர்ப்பதும், மறுப்பவரை நாணச் செய்வதும், பொய்யாக அவசரப்படுத்துவதும் அவற்றுட் சில.

என் அளவுகோல் எளியது. தம் உத்தியை நம்மிடம் வெளிப்படையாகச் சொன்ன பின்னும் ஒருவரால் விற்க இயலுமாயின் அது வணிகம். மறைத்தால்தான் பலிக்கும் எனில் அது சூழ்ச்சி. கொசுறு இதில் தேறுகிறது. கேளாத காப்பீடு தேறவில்லை.

நண்பர்களே, நம்மிற் சிலர் நாளை இந்நிறுவனங்களிலேயே பணியாற்றுவோம். வாங்குபவரிடம் சொல்லக் கூசும் ஒன்றைச் செய்யப் பணித்தால், மறுக்கும் துணிவும் நம் கல்வியின் பயனாக வேண்டும்.