மெய்யெழுத்துக்கு நான்கு எண்ணிக்கை

மகாகவி பாரதி நகர் என்று சொன்னால் எங்கள் பகுதி ஆட்டோக்காரரே ஒருகணம் யோசிப்பார். எம்.கே.பி. நகர் என்றால்தான் வண்டி நகரும். ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்குப் போகையில் பாரதி உதிர்ந்துவிட்டார். சென்ற மாதம் எதிர்வீட்டுத் தம்பி மடிக்கணினியோடு வந்து நின்றபோது இது நினைவுக்கு வந்தது.

அவன் தேவாலயப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். மறைந்த மாஸ்டர் நான்கு குரல்களுக்கு அமைத்த பாடல்கள் யாவும் ஃபினாலே மென்பொருளில் இருந்தன. 1988இல் வெளிவந்த அதன் மேம்பாட்டை நிறுத்துவதாக 2024 ஆகஸ்டில் நிறுவனம் அறிவித்துவிட்டது. தம்பியிடம் இருப்பதோ இலவசமான மியூஸ்ஸ்கோர். பழைய கோப்பை அது திறக்கவில்லை. இத்தகைய மென்பொருள்களுக்கிடையே துபாஷியாக நிற்பது மியூசிக் எக்ஸ்எம்எல் என்னும் பொது வடிவம். 2004இல் அதன் முதற்பதிப்பு வந்தது. மாஸ்டரின் கணினி நல்லவேளையாக இன்னும் இயங்கிக்கொண்டிருந்ததால், அதிலிருந்தே எல்லாவற்றையும் அவ்வடிவில் எடுத்து வந்திருந்தான்.

சுரங்கள் வந்து சேர்ந்துவிட்டன. சொற்கள் வரவில்லை. மாஸ்டர் தட்டச்சு செய்தது பாமினி எழுத்துருவில். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி மாட்டும் பழைய ஏற்பாடு அது. முகமூடி கழன்றதும், மெய்யின் புள்ளி இருந்த இடங்களிலெல்லாம் அரைப்புள்ளிகள் பல்லிளித்தன.

"கோப்பு முழுக்க யூனிகோடுக்கு மாத்திப் பார்த்தேன் சார். உள்ள இருக்கிற கட்டளையும் சேர்ந்து தமிழாயிடுச்சு" என்றான். சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

ஆகவே ஒவ்வோர் அசையாகக் கையால் மாற்றினோம். நான்கு இரவுகள் பிடித்தன. ஒவ்வோர் அசையும் சொல்லின் முதலா, இடையா, கடையா என்றுகூட அக்கோப்பு குறித்து வைத்திருக்கிறது. யாப்பிலக்கணம் நடத்தும் எனக்கு அது பெரும் மகிழ்ச்சியாக இருந்தது. அந்த மிதப்பில்தான் ஒரு தவறு செய்தேன். ஒரு பாடலின் இறுதியில் 'ம்' மட்டும் தனித்து ஒரு சுரத்தின் கீழ் நின்றது. நான்கு எண்ணிக்கை நீளும் சுரம். மெய்க்கு அரை மாத்திரைதானே, மாஸ்டர் சறுக்கிவிட்டார் என்று முந்தைய எழுத்தோடு சேர்த்துவிட்டேன்.

தம்பி திரையைப் பார்த்தான். "அது தப்பில்ல சார். அந்த இடத்துல எல்லாரும் வாய மூடி முனகணும். நாலு குரலும் 'ம்'லதான் நிக்கும். மாஸ்டர் கைய இறக்கினாத்தான் நிறுத்துவோம்."

கீபோர்டில் அந்த இறுதியை வாசித்துக் காட்டினான். பிறகு நான் 'ம்'மைப் பிரித்து அதன் சுரத்தடியில் திரும்ப வைத்தேன்.