டார்கெட் தகதானோபாபா!

டோக்கியோவைச் சுற்றி வட்டமடிக்கும் யமனோதே ரயிலில் ஷின்ஜுகு தாண்டி இரண்டாவது ஸ்டாப், தகதானோபாபா. 'பாபா' என்று முடிகிறதே என்று உடனே ரஜினி ஸ்டைலில் விரலை மடக்காதீங்க பாஸ்! ஜப்பானிய மொழியில் 'பாபா' என்றால் குதிரையேற்றம் பழகும் மைதானம். எடோ காலத்தில் சாமுராய்கள் இங்கேதான் குதிரை ஓட்டிப் பழகினார்கள். 1728-ல் ஷோகுன் யோஷிமுனே இங்கே 'யாபுசமே' நடத்தினார். ஓடுகிற குதிரையின் மேல் இருந்துகொண்டே மரப்பலகையைக் குறிபார்த்து அம்பு விட வேண்டும். பக்கத்தில் இருக்கும் தொயாமா பூங்காவில் அக்டோபர் மாதத்தில் இன்றும் இது நடக்கிறது.

மற்ற நாட்களில் ஊர் முழுக்க ஸ்டூடண்ட்ஸ்தான். வசேதா பல்கலைக்கழகம் நடக்கிற தூரம். அங்கே போகும் சாலையில் வரிசையாக ராமென் நூடுல்ஸ் கடைகள். ரயில் பாலத்தின் அடியில் ஆஸ்ட்ரோ பாய் ஓவியங்கள். கதைப்படி அந்த ரோபோ பையன் 2003 ஏப்ரல் 7-ம் தேதி பிறந்தது இதே ஊரில்தான்!

ஆனால், உலகம் முழுக்க இருந்து ஒரு கூட்டம் இங்கே இறங்குவதற்குக் காரணம் வேறு. 'ஹரெருயா' என்ற கார்டு கடை. 'மேஜிக்: தி கேதரிங்' என்ற விளையாட்டுக்காகவே நடக்கிற கடை. கண்ணாடி அலமாரிகளில் கார்டுகள், உள்ளே நூறு பேருக்கு மேல் உட்கார்ந்து மோத மேஜைகள். இவ்வளவு பேர் இருந்தும் சத்தமே இல்லை. கார்டு கலைக்கும் 'சரசர' மட்டும்தான் கேட்கும்.

பச்சையா... ஹெல்மெட்டா?

1993-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணித ஆராய்ச்சியாளர் உருவாக்கிய ஆட்டம் இது. ஆளுக்கு 20 உயிர். 'கிரியேச்சர்' கார்டுகளை இறக்கி, எதிராளியின் உயிரைக் குறைக்க வேண்டும். இருக்கிற கிரியேச்சரோடு வேறு கார்டை ஒட்டவைத்து பலமும் ஏற்றலாம். அதுதான் 'அட்டாச்'.

ஒட்டுவதில் முக்கியமான வகை இரண்டு. 'ஆரா' என்பது பச்சை குத்துகிற மாதிரி. ஆள் போனால் அதுவும் கூடவே போய்விடும். 2003-ல் வந்த 'எக்விப்மென்ட்' ஹெல்மெட் மாதிரி. ஆள் போனாலும் ஹெல்மெட் மேஜையிலேயே கிடக்கும். அடுத்தவன் தலையில் மாட்டிக்கலாம். அதனால் ஆரா ஒட்டுவது எப்பவுமே ரிஸ்க். எதிராளி ஒரு கார்டைச் செலவழித்து உங்க ரெண்டு, மூணு கார்டைக் காலி பண்ணிடுவார்.

இங்கேதான் 'டார்கெட்' வருகிறது. ஜப்பானியக் கார்டுகளில் இதற்கு 'தைஷோ' என்று போட்டிருக்கும், இரண்டே எழுத்து. அந்த வார்த்தை இருந்தால் குறி வைத்து அடிக்கும் கார்டு. இல்லாமல் 'எல்லா கிரியேச்சரும் காலி' என்று இருந்தால் அது யாரையும் குறி வைக்கவில்லை, மழை மாதிரி எல்லார் மேலேயும் பெய்யும். சில கிரியேச்சர்களுக்கு 'ஹெக்ஸ்ப்ரூஃப்' என்ற கவசம் உண்டு. எதிராளி அதைக் குறி வைக்கவே முடியாது. ஆனால், மழைக்கு அந்தக் கவசம் தாங்காது!

ஆராவில் ஒரு உள்குத்து இருக்கிறது. பல ஆரா கார்டுகளில் 'தைஷோ' என்ற வார்த்தையே இருக்காது. இருந்தாலும் கையிலிருந்து போடும்போது அது குறி வைத்தே ஆக வேண்டும் என்பது ரூல். போடும்போது ஒரு முறை, பலிக்கும்போது ஒரு முறை, 'குறி சரியா' என்று பார்ப்பார்கள். நடுவில் குறி காணாமல் போனால் ஆரா ஒட்டாமலே குப்பைக்குப் போகும். ஒட்டி முடித்த பிறகோ அது குறி வைப்பதில்லை. அதற்குப் பிறகு கிரியேச்சருக்கு ஹெக்ஸ்ப்ரூஃப் வந்தாலும் ஆரா விழாது.

ஒரு மேஜை, ரெண்டு கேள்வி

நான் வேடிக்கை பார்த்தது 'பாப்பர்' ஆட்டம். காமன் கார்டுகள் மட்டும்தான் அனுமதி என்பதால் ஸ்டூடண்ட் பர்ஸுக்கு ஏற்றது. ஒரு பக்கம் வெளிநாட்டுப் பையன், எதிரே உள்ளூர்ப் பையன். ஒருத்தர் பாஷை இன்னொருத்தருக்குத் தெரியாது. 'ஒனெகாய்ஷிமாஸ்' என்று குனிந்து வணக்கம் சொல்லி ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு கேம் ஜெயித்து, மூன்றாவது கேம்.

வெளிநாட்டுப் பையனிடம் இருந்தது ஒரே கிரியேச்சர், 'ஸ்லிப்பரி போகிள்'. ஹெக்ஸ்ப்ரூஃப் பார்ட்டி. அதன் மேல் 'ரேன்கர்' என்ற ஆராவைப் போட்டான். களத்திலிருந்து குப்பைக்குப் போனால் திரும்பக் கைக்கே வந்துவிடும் கில்லாடி கார்டு. அது பலிப்பதற்குள் உள்ளூர்ப் பையன் 'டயபாலிக் ஈடிக்ட்' போட்டான். போகிள் காலி. கூடவே ரேன்கரையும் குப்பைக் குவியலில் வைக்கச் சொல்லி சைகை காட்டினான்.

நம்மாளு முகம் சிவந்து கை தூக்க, ஜட்ஜ் வந்தார்.

முதல் கேள்வி, ஹெக்ஸ்ப்ரூஃப் இருந்தும் போகிள் எப்படிச் செத்தது? ஜட்ஜ் ஈடிக்ட் கார்டில் 'தைஷோ'வைத் தொட்டார். அப்புறம் போகிளைக் காட்டவில்லை, பையனையே காட்டினார்! 'குறி வைத்த பிளேயர் ஒரு கிரியேச்சரைப் பலி கொடுக்கணும்' என்பதுதான் அந்தக் கார்டு. குறி பிளேயர் மேல். அவனிடம் இருந்ததோ ஒரே ஒரு கிரியேச்சர்.

இரண்டாவது, ரேன்கர் கைக்குத் திரும்ப வேண்டாமா? ஜட்ஜ் கார்டின் ஆங்கில வாசகத்தை எடுத்துக் காட்டினார். களத்திலிருந்து போனால்தான் திரும்பி வரும். குறி போய்விட்டதால் ரேன்கர் களத்துக்கே வரவில்லை. ஸோ, நோ ரிட்டர்ன்!

இரண்டு நிமிஷத்தில் பஞ்சாயத்து ஓவர். கேமும் போச்சு, மேட்சும் போச்சு. சும்மா சொல்லக்கூடாது, உள்ளூர்ப் பையன் சிரிக்கவில்லை. தன் கார்டுகளை விரித்து வைத்து, 'இன்னொரு போகிள் பக்கத்துல நின்னிருந்தா அதைப் பலி கொடுத்துத் தப்பிச்சிருக்கலாம்' என்று கார்டை நகர்த்தியே காட்டினான். பத்து நிமிஷம் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் தோற்ற ஆட்டத்தை மறுபடி ஆடினார்கள்.

புது ஊரில், பாஷை தெரியாத ஒருத்தன் நம்மை ஏமாற்றுகிறானோ என்கிற பயம் யாருக்கும் வரும். உலகம் முழுக்க ஒரே ரூல் இருந்தால், அதை ரெண்டு பேரும் மதித்தால், அந்தப் பயத்துக்கு வேலை இல்லை.

டோக்கியோ போனால் ஒரு சாயங்காலத்தை தகதானோபாபாவுக்கு ஒதுக்குங்க. ராமென் சாப்பிட்டுட்டுப் போனா நல்லது. உள்ளே உட்கார்ந்துட்டா பசி தெரியாது!