முன்பனியில் ஒரு காத்தாடி தோசை! - கயத்தாறு வீடுகளின் பண்டிகைக் காலை

மார்கழி விடியலில் கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் நான்குவழிச் சாலையில் பயணம் செய்தால், முதலில் கண்ணில் படுவது பனிதான். வெள்ளை வேட்டியை நனைத்துப் பிழிந்து உலரப் போட்டதுபோல கரிசல் காட்டின் மேல் அது படிந்து கிடக்கும். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகத் தெரியும். ஈரம் காயாத கறுப்பு மண், உளுந்துச் செடி, மக்காச்சோளத் தட்டை, தனியே நிற்கும் ஒரு பனைமரம். கடைசியில், அண்ணாந்து பார்த்தால், பனிக்குள் பாதி மறைந்த காற்றாலை இறக்கை. கயத்தாறு வந்துவிட்டது என்று அர்த்தம்.

வீரபாண்டிய கட்டபொம்மன் 1799-ம் ஆண்டு அக்டோபர் 16-ம் தேதி தூக்கிலிடப்பட்ட ஊர் இது. வெளியூர்க்காரர்கள் மணிமண்டபத்தைப் பார்ப்பார்கள், ஒரு டீ குடிப்பார்கள், வண்டியை எடுத்துவிடுவார்கள். ஊரின் ருசி தெரிய வேண்டுமானால் மார்கழி, தை மாதங்களில் ஏதாவது ஒரு வீட்டு அடுப்படிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

குளிர் நாடுகளில் டிசம்பர் விடுமுறை வந்தால் காலையில் பான்கேக் சுடுவார்கள். சீனிப் பொடியைப் பனியாகத் தூவி, பனிமனிதன், நட்சத்திரம், கிறிஸ்துமஸ் மரம் என்று வடிவம் செய்து பிள்ளைகளின் தட்டில் வைப்பார்கள். யூடியூபில் இதைப் பார்த்துவிட்டு, "ஆச்சி, எனக்கும் அதுமாதிரி வேணும்" என்று அடம்பிடிக்கும் பேரன் பேத்திகள் இந்தப் பக்கத்து வீடுகளிலும் உண்டு. பனிமனிதனை இந்த மண் பார்த்ததில்லை. ஆனால் தமிழர் வகுத்த ஆறு பருவங்களில் இரண்டுக்குப் பனியின் பெயர்தான். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. அந்த முன்பனிக்குக் கரிசல் காட்டிலும் ஒரு பலகாரம் இருக்கிறது.

தோசையே பண்டிகையாக இருந்த காலம்

இது வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழையை நம்பி இருக்க வேண்டும். மழை நின்ற பிறகும் கரிசல் மண் ஈரத்தை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். அந்த ஈரத்திலும் இரவுப் பனியிலும் பயிர் தேறி வரும். கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு, பருத்தி, மல்லி, மிளகாய் எல்லாம் இந்த மண்ணின் பிள்ளைகள். மானாவாரிப் பயிர்களுக்காகவே கோவில்பட்டியில் 1901-ல் தொடங்கப்பட்ட வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இன்றும் இயங்குகிறது.

ஆற்றுப் பாசனம் இல்லாத இடத்தில் நெல் ஏது? கம்மஞ்சோறு, சோளச்சோறு, குதிரைவாலிச்சோறு... இதுதான் அன்றாடம். நெல்லுச்சோறு விருந்தாளி வந்தால்தான். இட்லியும் தோசையும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் எட்டிப் பார்க்கும். இன்று எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டால், முதல் நாள் இரவு ஆட்டுரல் சத்தம் கேட்டாலே பிள்ளைகளுக்குத் தூக்கம் வராது என்பார்கள். அந்தச் சத்தத்துக்கு, 'விடிஞ்சா தோசை' என்று அர்த்தம்.

கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் இடையே சாலையோரம் இருக்கும் இடைசெவல், 1923-ம் ஆண்டு ஒரே மாதத்தில் இரண்டு எழுத்தாளர்களைத் தந்த ஊர். கி.ராஜநாராயணன், கு.அழகிரிசாமி இருவருமே இந்தச் சம்சாரி வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதியவர்கள். இருவருமே சாகித்ய அகாடமி விருது பெற்றவர்கள். அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' சிறுகதை தீபாவளி நாளில்தான் நடக்கிறது. பண்டிகை என்பது ஏழை வீட்டுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

விடியும் முன்னே வந்த வேன்

வீட்டோடு உட்கார்ந்து காலைப் பலகாரம் சாப்பிடுவது இங்கே சாதாரண விஷயமாக இருந்ததில்லை. மழை பொய்த்த வருஷங்களில் கரிசல் குடும்பங்களைத் தாங்கியது தீப்பெட்டித் தொழில். கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம், கயத்தாறு வட்டாரம் முழுக்க தீப்பெட்டி ஆபீஸ்கள். ஆம், இங்கே தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், 'ஆபீஸ்'தான். இருட்டு பிரியும் முன்னே கிராமத்துக்குள் வேன் வந்து நிற்கும். கஞ்சி ஊற்றிய தூக்குவாளியோடு பெண்கள் ஏறுவார்கள். ஒரு காலத்தில் அவர்களோடு பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளும் ஏறினார்கள். குச்சி அடுக்கவும், பெட்டி ஒட்டவும் சின்ன விரல்கள் தேவைப்பட்டன. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் பிறகும் பல வருஷப் பாடுபட்டுத்தான் அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்குத் திருப்ப முடிந்தது.

அன்று வேனில் ஏறிய சிறுமிகள் இன்று ஆச்சிகள். அவர்களுடைய பிள்ளைகள் சென்னையில், கோவையில், திருப்பூரில் வேலை பார்க்கிறார்கள். அரையாண்டு விடுமுறைக்கும் பொங்கலுக்கும் பேரன் பேத்தியோடு ஊருக்கு வருகிறார்கள். வருஷத்தில் அந்தச் சில காலைகளில்தான் மொத்தக் குடும்பமும் அடுப்பைச் சுற்றி உட்காருகிறது. தான் சின்ன வயதில் பெறாத காலையைப் பேத்திக்குச் சுட்டுக் கொடுப்பதில் ஆச்சிக்கு அவ்வளவு பிடிவாதம் இருப்பதில் ஆச்சர்யம் இல்லை.

கடம்பூர் போளி

இந்த வட்டாரத்தின் இனிப்பு 'பான்கேக்' எது என்று கேட்டால் ரயில்காரர்கள் யோசிக்கவே மாட்டார்கள். கடம்பூர் போளி! கோவில்பட்டிக்கும் வாஞ்சி மணியாச்சிக்கும் இடையில் இருக்கும் சின்ன ஸ்டேஷன் கடம்பூர். ரயில் நின்றதும் "போளி... போளி..." என்ற குரல் ஜன்னலோரம் வரும். வாயில் வைத்தால் கரையும் மெல்லிய போளி, இந்தப் பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

மார்கழியின் கடைசி நாளான போகிக்குப் போளி செய்வது தமிழ்நாட்டின் பல வீடுகளில் வழக்கம். கரிசலில் தலைமுறை தலைமுறையாக வாழும் தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கும் போளி புதிதல்ல. வீட்டு முகப்பில் வேப்பிலை, ஆவாரம்பூ, கூரைப்பூ சேர்த்துக் காப்புக் கட்டி முடித்த கையோடு தோசைக்கல் அடுப்பில் ஏறும். கடலைப்பருப்பை வேகவைத்து, வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்துக் கிளறி, ஏலக்காய் தட்டிப்போட்டு உருட்டிய பூரணத்தை, எண்ணெய் விட்டு ஊறவைத்த மாவுக்குள் பொதிந்து தட்டி, நெய்விட்டுச் சுட்டு எடுத்தால் போளி.

காத்தாடி தோசை செய்யலாமா?

போளி பெரியவர்களுக்கு. பிள்ளைகளுக்கு கம்பு கருப்பட்டி தோசை. கயத்தாற்றுப் பிள்ளைகளுக்குப் பனிமனிதன் எதற்கு? ஜன்னலைத் திறந்தால் மூன்று இறக்கைக் காற்றாலை நிற்கிறது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் சுற்றிச் சுழன்ற காற்றாலைகள், மார்கழியில் சோம்பலாகத்தான் அசையும். அதையே தோசைக்கல்லில் வரைந்துவிடலாம்.

தேவையானவை: கம்பு - 2 கப், இட்லி அரிசி - அரை கப், உளுந்து - அரை கப், வெந்தயம் - 1 டீஸ்பூன், கருப்பட்டி - 200 கிராம், தேங்காய்த்துருவல் - அரை கப், சுக்குத்தூள் - கால் டீஸ்பூன், ஏலக்காய் - 2, உப்பு - தேவைக்கு, நல்லெண்ணெய் அல்லது நெய் - சுடுவதற்கு.

கம்பைக் கல் நீக்கி நன்றாகக் கழுவி, அரிசியோடு 6 மணி நேரம் ஊறவிடவும். உளுந்தையும் வெந்தயத்தையும் தனியாக ஊறவைத்து, பொங்கப் பொங்க அரைக்கவும். கம்பை நைஸாக அரைத்து அதோடு சேர்த்து, உப்புப் போட்டுக் கையால் கரைத்து மூடி வைக்கவும். பனிக்காலத்தில் மாவு சீக்கிரம் புளிக்காது. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, அணைத்த அடுப்புக்குப் பக்கத்தில் பாத்திரத்தை வைத்தால் காலையில் பொங்கியிருக்கும்.

கருப்பட்டியைத் தட்டி, அரை கப் தண்ணீரில் கரையும்வரை சூடாக்கி, கட்டாயம் வடிகட்டவும். மண்ணும் தும்பும் அடியில் தங்கும். பனைமரத்தில் பதநீர் இறங்குவது கோடையில்தான். ஆகவே மார்கழியில் கிடைப்பது பழைய கருப்பட்டி. அடுப்புப் புகை படும் பரணில் வைத்துக் காப்பாற்றிய அந்தக் கருப்பட்டிக்கு நிறமும் மணமும் ஆழம். உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் இன்னும் விசேஷம். வடிகட்டிய பாகில் பாதியை எடுத்து, ஆறியபின் மூன்று கரண்டி மாவில் கலந்துகொள்ளவும். மீதியில் சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டு, கொஞ்சம் கெட்டியாகும்வரை கொதிக்கவிட்டுத் தொட்டுக்கொள்ள வைக்கவும்.

இனி விளையாட்டு. கல்லை மிதமான சூட்டில் வைத்து, எண்ணெயைத் துணியால் துடைத்துத் தடவவும். பாகு கலந்த மாவை ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கவரில் ஊற்றி, மூன்று இறக்கையும் நடுக்கம்பமும் கோடாக வரையவும். அரை நிமிடம் பொறுத்து, அதன்மேல் பாகு கலக்காத மாவைப் பரவலாக ஊற்றி மூடவும். கோடு முதலில் வெந்து சிவந்திருக்கும். அதனால் திருப்பிப் போட்டதும் வெளிறிய தோசையில் பழுப்பு நிறக் காத்தாடி தெளிவாகத் தெரியும். நட்சத்திரம், பனைமரம், பூசணிப்பூ என்று எதையும் வரையலாம். தீயைக் கூட்டிவிட்டால் மட்டும் கருப்பட்டி கருகிக் கசந்துவிடும். தட்டில் வைத்து, மேலே தேங்காய்த்துருவலைத் தூவினால் அதுதான் கரிசல் பனி. புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாயை நுணுக்கித் தூவினால், பிள்ளைகள் இரண்டாவது தோசைக்குத் தட்டை நீட்டுவார்கள்.

கம்பு திரும்பி வருமா?

சாலையோரக் காட்டில் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் தெரிவது பெரும்பாலும் மக்காச்சோளம். கோழித் தீவனத்துக்கு விலை போகிறது. பறவைக் காவலும் புடைத்தெடுக்கும் பாடும் கம்புக்கு இருப்பதுபோல இல்லை. சம்சாரியைக் குறை சொல்ல முடியாது. 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நகரத்துக் கடைகளில் கம்பு பாக்கெட்டில் ஏறியது. 100 கிராம் கம்பில் சுமார் 11 கிராம் புரதமும், நல்ல அளவு இரும்புச்சத்தும் உண்டு. ஆனால் விளைந்த ஊரிலேயே பிள்ளைகள் அதை விரும்பிச் சாப்பிட்டால்தான் காட்டில் மறுபடி கதிர் ஆடும். சத்து என்று சொன்னால் எந்தப் பிள்ளை சாப்பிடும்? காத்தாடி என்றால் சாப்பிடும்.

அன்று கம்பு அன்றாடம், தோசை பண்டிகை. இன்று தோசை அன்றாடமாகி, கம்பு பண்டிகைக்கு வருகிறது. வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போட்ட அதே கை, அடுப்படிக்கு வந்து கல்லில் இறக்கை வரைகிறது. ஒரு காலத்தில் தீக்குச்சியை ஒவ்வொன்றாக அடுக்கிய விரல்கள் அவை. கோடு பிசகுவதே இல்லை. அடுப்பைச் சுற்றி உட்கார்ந்த பிள்ளைகளில் ஒன்று, "ஆச்சி, உனக்கு என்ன தோசை?" என்று கேட்கிறது.

"எனக்குச் சும்மா வட்டமா ஊத்து, தாயீ" என்று கரண்டியைப் பேத்தி கையில் கொடுக்கிறார் ஆச்சி. வெளியே பனி விலகி, காற்றாலை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுகிறது.